இது நிஜமான ‘கால்’ சென்டர்!

பி.பி.ஓ. என்றதும் நைட் ஷிஃப்ட், ஹெட்போன், கேப் வண்டி ஞாபகம் வருதா? ஆஸ்பத்திரிகளின் பின்பக்கத்தில் இன்னொரு பி.பி.ஓ. உண்டு. அங்கே போன் அடிக்காது, அடுப்பு எரியும். பிளாஸ்டிக்கை உருக்கி, பிளாஸ்டரைச் செதுக்கி, நடை தடுமாறினவங்களை மறுபடி நடக்க வைக்கிற ‘கால்’ சென்டர் அது!

ஒரு சின்ன டெஸ்ட். கையில் இருக்கிற இந்தப் பக்கத்தை அப்படியே வெச்சுக்கிட்டு, எழுந்து பத்து அடி நடங்க. நடந்தாச்சா? இப்ப பதில் சொல்லுங்க. உங்க கால் தரையில் படும்போது முதலில் தொட்டது குதிகாலா, விரலா? வலது குதிகால் தரையைத் தொட்ட அந்த நொடியில் இடது கால் எங்கே இருந்தது? முழங்கால் எப்போ மடங்குச்சு, எப்போ நிமிர்ந்துச்சு?

என்ன, முழிக்கிறீங்களா? தப்பே இல்லை. ஒரு வயசு வாக்கில் விழுந்து எழுந்து கத்துக்கிட்ட வித்தை அது. அதுக்கப்புறம் அதைப் பத்தி நாம யோசிச்சதே கிடையாது. ஒவ்வொரு அடியையும் யோசிச்சு யோசிச்சு எடுத்து வைக்க வேண்டிய நிலைமை வந்தவங்ககிட்ட கேட்டாதான் அதோட அருமை தெரியும்.

நம்ம நடையைத்தான் கவனிக்க மாட்டோம். மத்தவங்க நடையை நல்லாவே கவனிப்போம். காரிடார் முனையில் ஹெச்.ஓ.டி. வர்றது, முகம் தெரியறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடுதே! ராத்திரி இருட்டில் வர்றது ரூம்மேட்டா, வார்டனான்னு செருப்புச் சத்தத்தை வெச்சே சொல்ற கில்லாடிகள் எங்க ஹாஸ்டலிலேயே இருக்காங்க. அந்தக் கவனிப்பையே வைத்தியமா மாத்தினவங்களைத் தேடி, ஒரு அரசு மருத்துவமனையின் பின்பக்கம் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

அந்த பி.பி.ஓ. இல்லீங்க!

எங்க காலேஜ் மெக்கானிக்கல் லேபையும், பிள்ளையார் சதுர்த்திக்கு சிலை செய்யற கொட்டகையையும் ஒண்ணா கலந்தா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது அந்த இடம். தரையெல்லாம் வெள்ளை மாவு. ஒரு மூலையில் கிரைண்டிங் மெஷின். இன்னொரு மூலையில் பெரிய அவன். சுவரில் வரிசையாக பிளாஸ்டர் கால்கள். குழந்தைக் கால், பாட்டி கால், போலீஸ்காரர் கால் என்று ஒவ்வொன்றிலும் பென்சிலில் எழுதின நம்பர்.

“நீங்க என்ன சார் படிச்சிருக்கீங்க?” என்று அங்கிருந்த சீனியரைக் கேட்டேன்.

“பி.பி.ஓ. தம்பி. சொன்னவுடனே எல்லாரும் ‘கால் சென்டரா?’ன்னுதான் கேப்பாங்க. ‘ஆமாங்க, கால் சென்டர்தான்’னு சொல்லிடுவேன்!” என்று சிரிக்கிறார்.

விஷயம் இதுதான். பேச்சலர் ஆஃப் ப்ராஸ்தெடிக்ஸ் அண்ட் ஆர்த்தோடிக்ஸ் என்பதன் சுருக்கம் பி.பி.ஓ. இதில் ப்ராஸ்தெசிஸ் என்பது இல்லாத உறுப்புக்குப் பதிலாகப் பொருத்துவது. டான்ஸர் சுதா சந்திரன் அணிந்து ஆடிய ஜெய்ப்பூர் கால் இந்த ரகம். ஆர்த்தோசிஸ் என்பது வேறு. கால் இருக்கும், ஆனால் வலு இருக்காது. அல்லது வளைந்திருக்கும். அல்லது உணர்ச்சி இருக்காது. அந்தக் காலுக்கு வெளியிலிருந்து துணை கொடுக்கும் கருவிதான் ஆர்த்தோசிஸ். நம்ம ஊரில் ‘காலிப்பர்’ என்று சொல்வோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். ஷூவுக்குள்ளே வைக்கிற இன்சோலில் ஆரம்பித்து, இடுப்பு வரைக்கும் போகிற பிரேஸ் வரை இதில் பல சைஸ் இருக்கிறது.

விழறோம்... பிடிக்கிறோம்!

கருவி செய்யறதுக்கு முன்னாடி நடை புரியணும். அங்கே எனக்கு நடந்த முதல் கிளாஸே இதுதான்.

ஒரு காலை ஊன்றி உடம்பு முன்னால் சாய்கிறது. அப்படியே விட்டால் மூஞ்சி தரையில்தான்! விழறதுக்குள்ள அடுத்த காலை முன்னால் வைத்துப் பிடித்துக்கொள்கிறோம். மறுபடி சாய்கிறோம், மறுபடி பிடிக்கிறோம். தலைகீழாக நிறுத்தின பெண்டுலம் மாதிரி, ஊன்றிய காலின் மேலே உடம்பு ஏறி இறங்கிக்கொண்டே போகிறது. இதுதான் நடை.

ஒரு குதிகால் தரையில் படுவதிலிருந்து அதே குதிகால் மறுபடி தரையில் படும் வரை ஒரு சுற்று. இதுக்குப் பேர் ‘கெய்ட் சைக்கிள்’. இந்தச் சுற்றில் கிட்டத்தட்ட 60 சதவிகித நேரம் அந்தக் கால் தரையில் இருக்கும். மீதி 40 சதவிகிதம் காற்றில் வீசும். ரெண்டு காலும் ஒரே சமயத்தில் தரையில் இருக்கும் நேரம் மொத்தமாக சுமார் 20 சதவிகிதம். ஓடும்போது இந்த 20 காணாமல் போய்விடும். நடைப் போட்டியில் நடுவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது இதைத்தான். ரெண்டு காலும் தரையை விட்டு எழும்பிவிட்டால், அது நடை இல்லை, ஓட்டம்!

இன்னொரு ஆச்சரியம். தரை நம்மைத் திருப்பித் தள்ளுகிறது. நியூட்டன் மூணாம் விதி, பன்னிரண்டாவதோடு மறந்துட்டீங்களா? 60 கிலோ ஆள் நடக்கும்போது அந்தத் தள்ளல் எப்போதும் 60 கிலோவாக இருக்காது. காலை ஊன்றும்போதும், உந்தி எழும்போதும் உடம்பு எடையை விடப் பத்து, இருபது சதவிகிதம் கூடும். நடுவில் எடையை விடக் குறையும். கிராஃப் போட்டால் ஒட்டகத்தின் முதுகு மாதிரி ரெண்டு திமில் வரும். ஒருத்தருக்கு இந்தத் திமில்கள் சரியாக வரவில்லை என்றால், நடையில் எங்கேயோ சிக்கல் என்று அர்த்தம்.

நடையை இப்படி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தவர்களில் முக்கியமானவர், கலிஃபோர்னியாவில் உள்ள ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனையின் டாக்டர் ஜாக்குலின் பெர்ரி. 1918-ல் பிறந்து 2013-ல் மறைந்த எலும்பு அறுவை நிபுணர். ஒரு சுற்று நடையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கும் முறை அவரும் அவர் குழுவும் வளர்த்தெடுத்தது. 1992-ல் வந்த அவருடைய புத்தகம்தான் இன்றைக்கும் இந்தத் துறை மாணவர்களுக்கு பைபிள்.

அதற்கும் முன்னால் போனால், 1890-களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் பிரவுன் என்ற உடற்கூறியல் பேராசிரியரும், ஓட்டோ ஃபிஷர் என்ற கணித மேதையும் ஒரு கூத்து நடத்தினார்கள். கறுப்பு உடை போட்ட ஓர் ஆளின் கை கால் முழுக்க ஒளிரும் கண்ணாடிக் குழாய்களைக் கட்டி, ராத்திரி இருட்டில் நடக்கவிட்டு, நாலு கேமராவில் படம் எடுத்தார்கள். குழாய்களைக் கட்டி முடிக்கவே மணிக்கணக்கில் ஆனதாம். நடந்தது சில அடிகள்தான். அதைக் கையால் கணக்குப் போட மாதக்கணக்கு! 1892-ல் பிரவுன் இறந்துவிட, ஃபிஷர் விடாமல் 1904 வரை அந்தக் கணக்குகளை வெளியிட்டார். நம்ம ‘அரியர்’ எல்லாம் ஒண்ணுமே இல்லை!

ரெண்டு சென்டிமீட்டர் வாழ்க்கை

காலைத் தூக்கி முன்னால் வீசும்போது விரல் நுனிக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி எவ்வளவு தெரியுமா? குறைந்தபட்சமாக ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர். அவ்வளவுதான்! அந்த இடைவெளியைக் காப்பாத்தித் தர்றது கெண்டைக்காலுக்கு முன்பக்கம் இருக்கும் தசை. அது பாதத்தை மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தசைக்குக் கட்டளை கொண்டு வரும் நரம்பு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்க எலும்பைச் சுற்றிக்கொண்டு தோலுக்கு மிக அருகில் போகிறது. பாதுகாப்பே இல்லாத இடம். அங்கே அடிபட்டால் பாதம் தொங்கிவிடும். இதுக்குப் பேர் ‘ஃபுட் டிராப்’.

அன்றைக்கு ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்த ஒரு பி.காம். மாணவருக்கு அதுதான் பிரச்னை. பைக் ஆக்சிடென்ட். எலும்பு சேர்ந்துவிட்டது, நரம்பு இன்னும் சேரவில்லை.

“படி ஏறும்போது விரல் இடிக்கும் பாஸ். சமமான தரையிலேயே தடுக்கி விழுவேன். அதனால காலை ரொம்ப மேல தூக்கித் தூக்கி வெச்சேன். கிளாஸ்ல ஒருத்தன் எனக்குப் பின்னாடி அதே மாதிரி நடந்து காட்டுவான். எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிச்சிட்டு, மறுநாள் லீவு போட்டுடுவேன்” என்கிறார்.

நரம்பு மறுபடி வளரும். ஆனால் அது வளரும் வேகம், ஒரு நாளைக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர்! முழங்காலிலிருந்து தசை வரைக்கும் போய்ச் சேர மாதங்கள் ஆகும். சிலருக்கு வளராமலே போகலாம். அதுவரைக்கும் பாதம் தொங்கிக்கொண்டே இருந்தால், குதிகால் தசைநார் சுருங்கி இறுகிவிடும். அப்புறம் நரம்பு சரியானாலும் பாதம் மேலே வராது. அந்தக் காலியிடத்தை நிரப்புவதுதான் ஏ.எஃப்.ஓ. என்கிற ஆங்கிள் ஃபுட் ஆர்த்தோசிஸ். ஆங்கில ‘எல்’ எழுத்து வடிவத்தில், கெண்டைக்காலின் பின்பக்கமும் பாதத்தின் அடியுமாகப் போகும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக்.

எஸ்.ஓ.எம். பேப்பரில் வந்ததுதான்!

இதை எப்படிச் செய்யறாங்கன்னு முழுசா பார்த்தேன். முதலில் காலுக்கு மெல்லிய துணி உறை. அதன் மேல் எலும்பு துருத்தும் இடங்களில் அழியாத பென்சிலால் குறி. அப்புறம் பிளாஸ்டர் கட்டு. காய்ந்ததும் அதை வெட்டி எடுத்தால், உள்பக்கத்தில் பென்சில் குறிகள் பதிந்திருக்கும். அந்த அச்சில் பிளாஸ்டரை ஊற்றினால் நோயாளியின் கால் அப்படியே மேஜை மேல்!

இப்பதான் மூளை வேலை. சீனியர் அந்த பிளாஸ்டர் காலைச் செதுக்க ஆரம்பித்தார். கணுக்கால் எலும்பு இருக்கும் இடத்தில் செதுக்காமல் மேலும் பிளாஸ்டர் அப்பினார். ஏன்? மாடலில் மேடு கூடினால், கருவியில் அந்த இடத்தில் பள்ளம் கிடைக்கும். எலும்பின் மேல் அழுத்தம் விழாது. சதைப்பற்றான இடங்களில் மட்டும் கொஞ்சம் செதுக்கி, அங்கே அழுத்தம் போகும்படி செய்கிறார். எங்கே அழுத்தணும், எங்கே தொடவே கூடாது என்பது அவர் விரலுக்குத் தெரியும். கருவியின் மேல் விளிம்பு அந்த முழங்கால் நரம்பை அழுத்திவிட்டால், ஃபுட் டிராப்புக்காகப் போட்ட கருவியே ஃபுட் டிராப்பைக் கொண்டுவந்துவிடும். அதனால் அந்த எலும்புக்குக் கீழேயே விளிம்பை நிறுத்திவிடுகிறார்கள்.

அடுத்து பாலிப்ரொப்பிலீன் ஷீட். நம்ம வீட்டு பிளாஸ்டிக் டப்பா, கயிறு எல்லாம் செய்யற அதே பொருள்தான். அவனில் 160-லிருந்து 200 டிகிரி வரை சூடாகும்போது, வெள்ளையாக இருந்த ஷீட் கண்ணாடி மாதிரி தெளிந்து அப்பளம் போல் தொய்கிறது. ரெண்டு பேர் கையுறையோடு அதைத் தூக்கி, பிளாஸ்டர் கால் மேல் போர்த்தி, வாக்குவம் பம்ப்பை ஆன் செய்ய... சட்டென்று தோல் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. சூப்பர் சீன்!

ஆறினதும் வெட்டுகிறார்கள். இந்த வெட்டுக்கோட்டில்தான் நம்ம எஸ்.ஓ.எம். பேப்பர் ஒளிந்திருக்கிறது. கணுக்கால் எலும்புக்குப் பின்னாலேயே வெட்டிவிட்டால் கருவி ஸ்பிரிங் மாதிரி வளையும். முன்னால் வரை விட்டால் கல்லு மாதிரி விறைப்பாக இருக்கும். பாதத்தைத் தூக்கிப் பிடித்தால் போதும் என்றால் முதல் வகை. பக்கவாதம் வந்து கால் முறுக்கிக்கொண்டவருக்கு ரெண்டாவது வகை. ஒரு பட்டையின் தடிமனை ரெண்டு மடங்காக்கினால், வளைவதற்கு அது காட்டும் எதிர்ப்பு எட்டு மடங்காகும் என்று செகண்ட் இயரில் மனப்பாடம் செய்தோமே, அந்தக் கணக்கு இங்கே ஒருத்தருடைய கணுக்காலில் வேலை செய்கிறது. எடை கூடாமல் விறைப்பு வேண்டுமா? கணுக்கால் அருகே ரெண்டு வரிசை நெளி கொடுத்துவிடுகிறார்கள், கூரைத் தகடு மாதிரி.

கருவி பாதத்தைத் தூக்கும் ரகசியம், மூணே மூணு விசை. பாதத்தின் முன்பகுதிக்கு அடியிலிருந்து மேல் நோக்கி ஒன்று. கணுக்காலின் முன்புறப் பட்டையிலிருந்து பின்னோக்கி ஒன்று. கெண்டைக்காலின் பின்புறமிருந்து முன்னோக்கி ஒன்று. லேபில் பீமை ரெண்டு பக்கம் தாங்கி நடுவில் அழுத்துவோமே, அதேதான். இந்த மூன்று இடங்களும் எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கோ, அவ்வளவுக்கு அழுத்தம் குறையும். அதனால்தான் கணுக்கால் பிரச்னைக்குப் போடும் கருவி, முழங்கால் பக்கம் வரை உயர்ந்து நிற்கிறது.

போட்டதும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. அரை மணி நேரம் நடக்கவிட்டு, கழற்றித் தோலைப் பார்க்கிறார்கள். சிவந்த இடம் அடுத்த அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால், கருவி மறுபடி மெஷினுக்குப் போகும். அந்த பி.காம். மாணவர் முதல் தடவை ஒர்க்‌ஷாப் நீளத்துக்கு நடந்து திரும்பும்போது, சீனியர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். “கேளு தம்பி. முன்னாடி ‘டப்’புனு பாதம் அடிக்கும். இப்ப சத்தம் இல்லை பாரு!”

3 கிலோ டு 300 கிராம்

ஆர்த்தோசிஸ் என்றால் அப்துல் கலாம் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் ஹைதராபாத்தில் ஏவுகணை வேலையில் இருந்தபோது, நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் அவரது லேபுக்கு வந்தார். ஏவுகணைக்கான பொருளைக் கையில் தூக்கிப் பார்த்து, அதன் எடை இவ்வளவுதானா என்று அசந்துபோனார். கையோடு கலாமைத் தன் மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க் காட்டினார். அங்கே குழந்தைகள், ஒவ்வொன்றும் 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புக் காலிப்பர்களைக் கட்டிக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். மூணே வாரத்தில் கலாமின் குழு 300 கிராம் எடையில் மாற்றுக் கருவியைச் செய்து கொண்டுவந்தது. குழந்தைகள் ஓடினார்கள். பெற்றோர்கள் அழுதார்கள். இதைத் தன் வாழ்க்கையின் பேரானந்தங்களில் ஒன்றாகக் கலாம் மேடைக்கு மேடை சொன்னார்.

இதில் ரெண்டு பொறியியல் இருக்கிறது. ஒன்று, எடை எங்கே இருக்கிறது என்பது. முதுகில் 3 கிலோ பை மாட்டினால் பெரிசாத் தெரியாது. அதே 3 கிலோவைப் பாதத்தில் கட்டினால்? ஒவ்வொரு அடிக்கும் அதை வீசி, நிறுத்தி, மறுபடி வீசணும். இடுப்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் எடை இருக்கோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப சிரமம் ஏறும்.

ரெண்டாவது, அந்தக் கருவியின் பெயர்: ஃப்ளோர் ரியாக்‌ஷன் ஆர்த்தோசிஸ். போலியோவால் தொடைத் தசை பலமிழந்த குழந்தைகள், ஒவ்வொரு அடிக்கும் கையால் தொடையை அழுத்திக்கொண்டு நடப்பதைப் பார்த்திருப்பீங்க. கையை எடுத்தால் முட்டி மடங்கி விழுவாங்க. இந்தக் கருவி முட்டியைப் பூட்டுவதே இல்லை. கணுக்காலை ஒரு கோணத்தில் அசையாமல் பிடித்து, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஒரு தாங்கு பட்டை கொடுக்கிறது. அதனால் தரை திருப்பித் தள்ளும் விசையின் கோடு முழங்காலுக்கு முன்னால் போகிறது. முட்டி தானாகவே பின்னால் தள்ளப்பட்டு நிமிர்ந்து நிற்கிறது. செய்யும் வேலை முழுக்கத் தரையோடது. கருவி அந்த விசைக்கு வழி காட்டுகிறது, அவ்வளவுதான். மொமெண்ட் என்றால் விசை பெருக்கல் தூரம் என்று எழுதி ரெண்டு மார்க் வாங்கினோமே, அது ஒரு குழந்தையின் கையைத் தொடையிலிருந்து விடுவித்திருக்கிறது!

இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் கடைசியாகப் பாதிக்கப்பட்ட குழந்தை 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டது. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழும் கிடைத்தது. ஆனால் அதற்கு முன் பாதிக்கப்பட்டவர்கள் நம்மோடுதான் வாழ்கிறார்கள். அவர்களுக்கு வயசாக ஆக, காலிப்பரின் தேவையும் கூடுகிறது.

கொல்லிமலையில் பிறந்த டாக்டர்

நம்ம ஊர் இந்தத் துறைக்குக் கொடுத்த பெரிய பரிசு ஒன்று உண்டு. டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில், மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர். லண்டனில் படித்துவிட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அந்தக் காலத்தில் தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழும் என்றே எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட் கூர்ந்து பார்த்துச் சொன்னார்: நோய் நரம்பைத் தாக்குகிறது, வலி தெரியாமல் போகிறது. வலி தெரியாததால்தான் காயம் மேல் காயம் பட்டு உறுப்பு சிதைகிறது.

உங்க செருப்பில் ஒரு சின்னக் கல் புகுந்தால் என்ன செய்வீங்க? நாலு அடிக்குள் நடையை மாற்றி, எடையை வேறு பக்கம் தள்ளி, கல்லை உதறிடுவீங்க. கல் இல்லாவிட்டாலும், ரொம்ப தூரம் நடந்தால் நம்ம அறியாமலே பாதத்தில் எடை விழும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். உணர்ச்சி இல்லாத பாதம் மாற்றாது. ஒரே இடத்தில், ஒரே மாதிரி, ஆயிரக்கணக்கான தடவை இடித்துக்கொண்டே இருக்கும். ஒரு கம்பியை மறுபடி மறுபடி வளைத்தால் உடையுமே, அந்த ‘ஃபெட்டீக்’ தோலிலும் நடக்கிறது. பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், மிதமான அழுத்தமே திரும்பத் திரும்ப விழுந்தால் திசு புண்ணாகும் என்பதை எலிகளின் பாதத்தில் செய்த சோதனைகளில் காட்டினார்.

தீர்வு ஆபரேஷன் தியேட்டரோடு முடியவில்லை. செருப்புக் கடைக்கும் வந்தது! வேலூரிலும், பக்கத்தில் கரிகிரி தொழுநோய் ஆய்வு மையத்திலும் எம்.சி.ஆர். எனப்படும் மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்புகள் உருவாகி வளர்ந்தன. நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர் உள்ளே, முள் குத்த முடியாத கெட்டி அடித்தட்டு வெளியே, கழன்று போகாமல் பின்பட்டை. முக்கியமான விதி, ஆணி அடிக்கவே கூடாது. ஆணி மேலே வந்து குத்தினாலும் அவருக்குத் தெரியாதே! விசை அதேதான். பரப்பைக் கூட்டினால் அழுத்தம் குறையும். எட்டாம் வகுப்புப் பாடம், ஒரு பாதத்தைக் காப்பாற்றுகிறது.

தொழுநோய் ஒழிஞ்சு போச்சே என்று நினைக்காதீங்க. 2023-ல் கூட இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் புது நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். அதைவிடப் பெரிய கூட்டம் பின்னால் வருகிறது... சர்க்கரை நோய். சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் மதிப்பீடு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாகச் சொல்கிறது. பல வருஷம் கட்டுப்பாடு இல்லாமல் போனால் அதுவும் பாத நரம்பைத் தின்னும். 10 கிராம் விசையில் வளையும் ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, ‘தெரியுதா?’ என்று கேட்பதுதான் சோதனை. தெரியவில்லை என்றால், அந்த வீட்டில் செருப்பு என்பது மருந்து. உங்க வீட்டு அப்பா, தாத்தா பாதத்தை இன்றைக்கு ராத்திரி ஒரு தடவை திருப்பிப் பாருங்க. காய்ப்பு, வெடிப்பு, ரத்தக் கட்டு இருக்கா? அவங்களுக்கு வலிக்கலைன்னா அது நல்ல செய்தி இல்லை.

கோச்சடையான் டெக்னாலஜி

2014-ல் வந்த ‘கோச்சடையான்’ படத்தில் உடம்பு முழுக்கப் புள்ளிகள் ஒட்டி அசைவைப் பதிவு செய்தாங்களே, அந்த மோஷன் கேப்சர்தான் பெரிய மருத்துவமனைகளின் ‘கெய்ட் லேப்’பிலும் இருக்கிறது. இடுப்பு, முட்டி, கணுக்காலில் மின்னும் குட்டி உருண்டைகள். சுற்றிலும் இன்ஃப்ராரெட் கேமராக்கள். தரைக்குள் புதைத்த ஃபோர்ஸ் பிளேட். தசையின் மின்துடிப்பைப் பிடிக்கும் எலெக்ட்ரோடுகள். மூளை வாதம் வந்த குழந்தைக்கு எந்தத் தசையை நீட்டுவது, எதைத் தொடாமல் விடுவது என்று ஆபரேஷனுக்கு முன்னால் முடிவெடுக்க இது பெரிய உதவி.

நான் போன ஒர்க்‌ஷாப்பில் இதெல்லாம் இல்லை. ஆனால் எல்லோர் பையிலும் மொபைல் இருக்கிறது. ஸ்லோ மோஷனில் முன்பக்கமிருந்து ஒன்று, பக்கவாட்டிலிருந்து ஒன்று. கருவி போடும் முன் ஒன்று, போட்ட பின் ஒன்று. அதுவே பாதி கெய்ட் லேப்!

பரணில் தூங்கும் கருவிகள்

எல்லாம் சரி... கொடுத்த கருவியை எல்லோரும் போடறாங்களா? இந்தக் கேள்விக்கு சீனியர் சிரிக்கவில்லை. “பாதிக் கதை இங்க தம்பி, மீதிக் கதை வீட்டுல” என்றார்.

பிறவியிலேயே பாதம் உள்பக்கம் வளைந்த குழந்தைகளை எடுத்துக்கோங்க. அமெரிக்காவின் அயோவாவில் டாக்டர் இக்னேசியோ போன்செட்டி வகுத்த முறையில் வாரம் ஒரு மாவுக்கட்டாக ஐந்தாறு கட்டு போட்டாலே பெரும்பாலும் பாதம் நேராகிவிடும். பலருக்குக் குதிகால் தசைநாரில் ஒரு சின்ன வெட்டும் தேவைப்படும். ஆனால் அதற்குப் பிறகு ரெண்டு ஷூவும் ஒரு பட்டையில் இணைந்த பிரேஸை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம் போடணும். அப்புறம் நாலைந்து வயசு வரை தூங்கும்போது போடணும். பாதம்தான் நேராயிடுச்சே, குழந்தை அழுகிறதே என்று வீட்டில் கழற்றி வைத்தால், வளைவு திரும்பி வரும். பட்டபாடெல்லாம் வீண்.

பெரியவங்களுக்கு வேறு சிக்கல். ஏ.எஃப்.ஓ.வை ஷூவுக்குள் போட்டுத்தான் நடக்கணும். நாமோ வாசலில் செருப்பைக் கழற்றும் ஊர்க்காரங்க! வீட்டுக்குள்ளே, கோயிலில், லேபில், ஹாஸ்டல் மெஸ்ஸில்... எங்கே ஷூவோடு போவது? சம்மணம் போட முடியாது, இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடியாது. வெயிலில் வேர்த்து நனையும். கருவி உள்ள காலுக்கு ஒரு சைஸ் பெரிய ஷூ வேணும். ரெண்டு ஜோடி வாங்கக் கட்டுப்படியாகுமா? குழந்தைகளுக்கோ கால் வளர வளர கருவியை மாற்றிக்கொண்டே இருக்கணும். இலவசமாகவும் சலுகை விலையிலும் உபகரணம் தரும் மத்திய அரசின் ‘அடிப்’ திட்டம் 1981-லிருந்து இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தாலே வழி சொல்வார்கள். அது தெரியாமலேயே எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் தடுக்கி விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

எல்லாத்தையும் விடப் பெரிய காரணம், பார்வை. அடுத்தவங்க பார்க்கிற பார்வை! அந்த பி.காம். மாணவர் பேன்ட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டேதான் என்னிடம் பேசினார். “ஸ்பெக்ஸ் போட்டா யாரும் திரும்பிப் பார்க்கறதில்லை. இதுவும் ஒரு ஸ்பெக்ஸ் மாதிரிதானே பாஸ், காலுக்கு?” என்றார். நியாயமான கேள்வி. நண்பன் ஒருத்தன் நடக்கிற மாதிரி நடந்து காட்டி கைதட்டல் வாங்கறது நம்ம கேம்பஸ்களில் இன்னும் காமெடிதான். அந்தக் கைதட்டல்தான் 300 கிராம் கருவியை 3 கிலோவாக்குகிறது.

பாலிப்ரொப்பிலீனும் பிளாஸ்டரும் சீனியர்கிட்ட இருக்கு. வெறுங்காலோடு போடக்கூடிய கருவி எது? சம்மணத்துக்கு மடங்கும் மூட்டு எது? வேர்க்காத உறை எது? வளரும் குழந்தைக்குக் கூடவே நீளும் பிரேஸ் எது? இந்தக் கேள்விகள் நம்மகிட்ட வரணும். மெக்கானிக்கல், மெட்டீரியல்ஸ், டெக்ஸ்டைல், எலெக்ட்ரானிக்ஸ் என்று எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் இதில் இடம் இருக்கு. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இந்த வருஷமும் கோட்டைப் பார்த்து ஓடுற ரோபோதானா? அதுக்குப் பதிலா, பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த ஒர்க்‌ஷாப் கதவைத் தட்டுங்க. டீ வாங்கிக் கொடுத்து, ஒரு பிரச்னையைக் கேட்டு வாங்கிட்டு வாங்க!

பெட்டிச் செய்தி: நீங்களும் ‘கால்’ சென்டரில் சேரலாம்!

* பி.பி.ஓ. நாலரை வருஷப் படிப்பு, கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் படித்திருக்கணும். வேலூர் சி.எம்.சி.யிலும், கொல்கத்தா, கட்டாக், டெல்லி, மும்பையில் உள்ள மத்திய அரசு நிறுவனங்களிலும் இந்தப் படிப்பு உண்டு.

* ப்ராக்டீஸ் செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு கட்டாயம். சேரும் முன் அந்த கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கான்னு பாருங்க.

* இன்ஜினீயரிங் முடித்தவர்களுக்கு பயோமெக்கானிக்ஸ், ரீஹேபிலிடேஷன் இன்ஜினீயரிங் பக்கம் வாசல் திறந்திருக்கு. சென்னை ஐ.ஐ.டி.யில் மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளை வடிவமைக்கவே தனி மையம் இருக்கிறது.

* ஓர் எச்சரிக்கை: மணிக்கணக்கில் கால் மேல் கால் போட்டோ, குத்துக்காலிட்டோ உட்காராதீங்க. முழங்கால் பக்கத்து நரம்பு அழுந்தும். எழுந்ததும் பாதம் மேலே தூக்க வரலைன்னா, ‘மரத்துப்போச்சு’ன்னு நாள் கடத்தாம டாக்டரைப் பாருங்க.